அட்டவணை ஆறின் கீழ் யாருடைய பெயர்

சஜீவன் எழும்பினான். தண்ணீர் மோட்டரைப் போட்டான். தாங்கி நிரம்பும்வரை கிணற்றுக்கட்டில் நின்று பல் தீட்டினான். தேத்தண்ணீர் ஊற்றினான், இரண்டு கோப்பை. சாப்பாட்டு மேசையில் கிடந்த தாள்களைக் கதிரைக்கு மாற்றினான். கதிரையில் கிடந்த தாள்களை அலுமாரிக்கு மேல் வைத்தான். பாணை வெட்டினான். மூன்று வருடமாகக் காலை இப்படித்தான் விடிந்தது.

பிறகு தொலைபேசியைப் பார்த்தான். சுமித்திரா மிஸ் ஆய்வைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

சஜீவன் முல்லைத்தீவில் ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வார இறுதிகளில் முதுமாணி மாணவன். கடலோரக் களப்பில் இறால் பிடிப்பவர்களின் தொழிலறிவு பற்றி எழுதிக்கொண்டிருந்தான். சுமித்திரா மிஸ் அதற்கு மேற்பார்வையாளர். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு தடவை தவணை கேட்டு வாங்கியாயிற்று. இனிக் கேட்க முடியாது. வெள்ளி தவறினால் பதிவு போய்விடும். மூன்று வருடமும் அதோடு போய்விடும்.

கோப்பைத் திறந்தான். பக்கமெல்லாம் சிவப்பு.

மனைவி கிருசாந்தி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா இது?”

“மிஸ் திருத்தியிருக்கிறா.”

“திருத்தினதோ? கோழி அறுத்த இடம் மாதிரிக் கிடக்கு.”

முக்கால்வாசித் திருத்தம் சுலபமானது. படத்தின் தலைப்பு படத்துக்குக் கீழே வரவேண்டும். அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் இலக்கம் வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே ஆதாரம் வேண்டும். ஒரு காலைப் பொழுது போதும்.

சிக்கல் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. அங்கே ஒரு வசனம்: ‘பறுவத்துக்கு அடுத்த நாள் களப்பில் இறால் படாது என்று மக்கள் சொல்கிறார்கள்.’ பறுவம் என்பது முழுநிலா நாள். அந்த வசனத்துக்குக் கீழே அட்டவணை ஆறு. மீனவர் சங்கத்தில் நிறுத்த இறாலின் ஒரு வருடக் கணக்கு. மற்ற நாட்களின் நிறை ஏறியும் இறங்கியும் இருந்தது. பறுவத்துக்கு அடுத்த நாளில் மட்டும், எந்த மாதத்தைப் பார்த்தாலும், பூச்சியம். மருந்துக்கும் ஓர் இறால் இல்லை. சஜீவனின் ஆய்வு முழுவதும் அந்தப் பூச்சியத்தின் மேல்தான் நின்றது. மிஸ்ஸுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் ‘மக்கள்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

சஜீவன் அழைத்தான்.

“மிஸ், அந்த மக்கள்…”

“மக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை, சஜீவன். பேர் உள்ள ஆள்தான் இருக்கு. ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லுகினம், மிஸ்.”

“எல்லாரும் ஒரே நேரத்திலை வாய் திறந்தவையோ? ஒராளின்ர பேரைப் போடுங்கோ. போட்டுட்டு அந்த ஆளுக்கு ஒருக்காக் காட்டுங்கோ. அதுதான் முறை.”

சஜீவன் ‘கிறகோரி, நேர்காணல்’ என்று போட்டான். களப்புக்குப் போன நாட்களில் அந்த மீனவர் வீட்டில்தான் அவன் அதிகம் சாப்பிட்டிருந்தான். வேறு காரணம் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் தாளோடு போனபோது கிறகோரி முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். தாளை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“றோஸ்மேரி! இஞ்சை ஓடி வா. என்ர பேர் புத்தகத்திலை வந்திருக்கு.”

“கையிலை மீன்,” என்று குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

கிறகோரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே அவருடைய வள்ளத்தின் படம் இருந்தது.

“தம்பி, என்ர வள்ளம். வடிவாக் கிடக்கு. ஆனா எழுத்து ஏன் காலுக்குக் கீழை?”

“படம் எண்டா தலைப்புக் கீழைதான் போடோணும், அண்ணை. அட்டவணை எண்டா மேலை.”

“அப்ப அட்டவணையிலை என்ர பேர் மேலையோ?”

“இல்லை. அதிலை தலைப்புத்தான் மேலை. ஆதாரம் கீழை.”

“அப்ப ரண்டிலையும் நான் கீழை.”

அவர் முகம் வாடியது. சஜீவன் அவரைச் சமாளிக்கப் படத்தின் தலைப்பை அங்கேயே திருத்தினான். ‘படம் 4: கிறகோரியின் வள்ளம்.’ கிறகோரிக்கு உச்சி குளிர்ந்தது. தாளைத் தொலைபேசியில் படம் பிடித்தார். சங்கத்தின் வாட்சப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரியும் எழுதினார்: ‘பல்கலைக்கழகம் என்னைக் கேட்டுத்தான் எழுதுது.’

திங்கட்கிழமை அலுவலகம் திறந்தவுடன் அருளப்பு வந்தார்.

அருளப்புவும் அதே கரைதான். கிறகோரிக்கு மச்சான் முறை. பெருநாள் வள்ள ஓட்டத்துக்குப் பிறகு இருவருக்கும் கதை இல்லை. அந்த ஓட்டத்தில் யார் வென்றது என்பது இன்னும் முடிவாகவில்லை.

“தம்பி, அந்த இறால் கதையைக் கிறகோரிக்குச் சொன்னதே நான்தான்.”

“எப்ப சொன்னனீங்கள், அண்ணை?”

“நேரம் பாத்துச் சொல்ல நான் என்ன ரேடியோவோ? சொன்னனான். அவ்வளவுதான். இப்ப அவன் கரையிலை நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியிறான். வள்ளத்துக்கும் பேர், கதைக்கும் பேர்.”

வேறு அலுவலாக வந்தவர்கள் தங்கள் அலுவலை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சஜீவன் இருவர் பெயரையும் போடுவதாகச் சொல்லி அனுப்பினான். போட்டான். உசாத்துணைப் பட்டியல் என்றால் அகரவரிசை. அருளப்பு, பிறகு கிறகோரி. மிஸ் சொன்ன முறைப்படி இருவருக்கும் அனுப்பிக் காட்டினான்.

மதியம் கிறகோரி அழைத்தார்.

“எனக்கு மேலை அவனோ?”

“அது அகரவரிசை, அண்ணை. முதல் அ, பிறகுதான் க.”

“கலியாணக் காட்டிலை அகரவரிசையிலோ பேர் போடுறது? தாய்மாமனுக்கு முன்னாலை வீடியோக்காரன்ர பேர் வருமோ?”

“இது கலியாணக் காட் இல்லை, அண்ணை.”

“பேர் எண்டு போட்டா எல்லாம் ஒண்டுதான். மூப்பு எண்டு ஒண்டு இருக்கல்லோ?”

“அப்ப வயதுப்படி போடட்டோ?”

அருளப்பு மூத்தவர்.

“வயதைப் பாத்து என்ன செய்யப்போறாய், தம்பி? அனுபவத்தைப் பார்.”

அன்று மாலை சஜீவன் பெயர்களையே எடுத்துவிட்டான். ‘தகவலாளர் 1, தகவலாளர் 2’ என்று மாற்றி இருவருக்கும் அனுப்பினான். ஆய்வுகளில் அப்படியும் வழக்கம் உண்டு. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

“ஆர் ஒண்டு?” என்று கேட்டாள் கிருசாந்தி.

“என்ன?”

“தகவலாளர் ஒண்டு ஆர்? கிறகோரி அண்ணையோ, மற்றவரோ?”

சஜீவன் பிட்டைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தான். அப்போதே தொலைபேசி அடித்தது. கிறகோரி அதே கேள்வியைக் கேட்டார். “நீங்கள்தான் ஒண்டு, அண்ணை,” என்றான். வைத்தவுடன் அருளப்பு அழைத்தார். “நீங்கள்தான் ஒண்டு, அண்ணை,” என்றான்.

“என்னப்பா செய்யிறியள்?” என்றாள் கிருசாந்தி.

“சாப்பிடுறன்.”

செவ்வாய்க்கிழமை காலை, இறால் நிறுக்கும் இடத்தில் இரண்டு ஒன்றுகளும் சந்தித்துக்கொண்டன. தராசு கவிழ்ந்தது என்று பிறகு அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. சஜீவன் பதறிப்போய், ஒன்று யாருக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்தான். கிறகோரியைத் தகவலாளர் 7 ஆக்கினான். அருளப்புவைத் தகவலாளர் 8 ஆக்கினான். இரண்டு பேருக்கும் சொல்லியும்விட்டான்.

அன்று பின்னேரமே சங்கச் செயலாளர் றொமேஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். இளம் ஆள். பொறுப்பான முகம்.

“சேர், அந்த முதல் ஆறு பேர் ஆர்?”

“ஒருத்தரும் இல்லை, றொமேஸ்.”

“இல்லாத ஆக்கள் ஆறு பேருக்குப் பிறகோ எங்கட ஆக்கள்?”

“அது சும்மா ஒரு இலக்கம்.”

“சும்மா இலக்கம் எண்டா கிறகோரி அண்ணை மத்தியானம் ஏன் சேர் சாப்பிடேல்லை?” றொமேஸ் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். “சங்கம் கூடிக் கதைச்சது. போட்டா எல்லாற்ற பேரும் போடுங்கோ. ஏலாட்டி எங்கட நிறைக் கணக்கையும் எடுத்துப்போடுங்கோ.”

நிறைக் கணக்கு போனால் அட்டவணை ஆறு இல்லை. சஜீவன் எல்லோருடைய பெயரையும் போடச் சம்மதித்தான். றொமேஸ் வீடு போய்ச் சேரமுதலே பெயர்களை அனுப்பிவிட்டான். சஜீவன் வாசித்துக்கொண்டு போனான். நடுவில் நின்றான். றொமேஸை அழைத்தான்.

“றொமேஸ், சில பேருக்குப் பக்கத்திலை கனடா, சுவிஸ் எண்டு கிடக்கு.”

“ஓம் சேர். அவை அங்கைதானே இருக்கினம்.”

“சுவிஸிலை இருந்துகொண்டு என்னெண்டு களப்பிலை இறால் பிடிக்கிறார்?”

“போக முந்திப் பிடிச்சவர், சேர். பேரை விட்டா மனிசன் கோவிக்கும். கோயிலுக்கு மணி வாங்கித் தந்தவர்.”

“அப்ப இந்தக் கனடா?”

“அவர் பிடிக்கேல்லை. ஆனா சுவிஸைப் போட்டுட்டுக் கனடாவை விடேலாது.”

சஜீவன் எல்லாவற்றையும் போட்டான். அட்டவணை அரைப் பக்கம். அதன் கீழ் ஆதாரம் ஒன்றரைப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

புதன்கிழமை மிஸ்ஸே அழைத்தார்.

“சஜீவன், இது ஆய்வோ, மரண அறிவித்தலோ?”

“மிஸ்…”

“எல்லாம் சரியாப் போட்டிருக்கிறீங்கள். நல்லடக்கம் எத்தினை மணிக்கு எண்டதுதான் விடுபட்டுப் போச்சு.”

சஜீவன் நடந்ததை எல்லாம் சொன்னான். இடையிடையே மிஸ் இருமினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை.

“நாளைக்கு ஒரு பயிற்சிக்கு முல்லைத்தீவுக்கு வாறன். பின்னேரம் எல்லாரையும் ஒரு இடத்திலை கூப்பிடுங்கோ. முதல் சொன்ன ஆளை நானே கேட்டுக் கண்டுபிடிக்கிறன்.”

“கண்டுபிடிக்கேலாட்டி, மிஸ்?”

“நாலாம் அத்தியாயத்தை எடுத்துப்போட்டு அனுப்புங்கோ.”

நான்காம் அத்தியாயத்தை எடுத்தால் மிஞ்சுவது அட்டையும் நன்றியுரையும்தான். சஜீவன் அதைக் கிருசாந்தியிடம் சொன்னான்.

“நன்றியுரை இருக்குத்தானே. அதிலை என்ர பேர் எத்தினையாவது?”

“கடைசி.”

“கடைசியோ?”

“மனைவியைக் கடைசியிலைதான் போடுறது. அதுதான் வழக்கம்.”

“அப்ப நானும் நாளைக்குச் சங்கத்திலை சேரப்போறன்,” என்றாள் கிருசாந்தி. சஜீவன் அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் கிறகோரி வீட்டு முற்றம் பெருநாள் மாதிரி இருந்தது. கோயிலிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் வந்திருந்தன. கிறகோரி வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். முற்றத்தின் மறு அந்தத்தில் அருளப்புவும் வெள்ளைச் சேட்டோடு இருந்தார். குசினியில் றோஸ்மேரியும் அயல் பெண்களும் இறால் வடை சுட்டார்கள். மணம் கரைவரை போனது. கேள்வி தெரியாதவர்களும் வந்து இருந்தார்கள்.

மிஸ் நடுவில் இருந்தார். மடியில் ஆய்வு. கையில் பேனை.

“முதல் ஒண்டு சொல்லுறன். இறால் படுமோ படாதோ எண்டது இப்ப என்ர கேள்வி இல்லை. இந்தக் கதை பிழையாவும் இருக்கலாம்.”

முற்றம் முணுமுணுத்தது.

“இருக்கலாம் எண்டுதான் சொன்னனான். எனக்குத் தேவை, ஆர் முதல் சொன்னது? ஒரே ஒரு பேர். அது உண்மையா இருக்கோணும். கிடைச்சா இதிலையே கையெழுத்து வைப்பன். சஜீவன் நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாம்.”

அருளப்பு எழும்பினார்.

“கிறகோரிக்கு நான் சொன்னது, மிஸ்.”

“உங்களுக்கு ஆர் சொன்னது, ஐயா?”

அருளப்பு தலையைச் சொறிந்தார்.

“வீட்டிலை கதைச்சது.”

“வீட்டிலை ஆர்?”

“மனிசிதான்.”

சிரிப்பு எழுந்தது. “மச்சானுக்கு மேலிடத்து உத்தரவு,” என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். மிஸ் சிரிக்கவில்லை. றொமேஸைக் கேட்டார். அவனுக்கு அவன் அம்மா சொன்னவா. பக்கத்தில் இருந்தவருக்குத் தமக்கை சொன்னவா. அடுத்தவருக்கும் மனைவி. மிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாக வெட்டினார்.

“பொம்பிளையளுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

“அவை தங்களுக்கை கதைச்சிருப்பினம்,” என்றார் அருளப்பு. “அதெல்லாம் ஆதாரமோ, மிஸ்?”

அப்போதுதான் கிறகோரி எழும்பினார். இத்தனை நேரமும் இந்தக் கட்டத்துக்காகத்தான் காத்திருந்தவர் போலச் சேட்டை இழுத்துவிட்டார்.

“எனக்குச் சொன்னது என்ர மாமனார். சூசைமுத்துச் சம்மாட்டி.”

சூசைமுத்துச் சம்மாட்டி பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், அந்தக் கரையின் பெரிய மனிதர். வானத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்வார். தண்ணீரைக் கையால் அளைந்து மீனைச் சொல்வார். கண் மூடிப் பல வருடமாகியும் அவர் பெயரைச் சொன்னால் தொப்பி போட்டவர்கள் கழற்றுவார்கள். அருளப்பு கழற்றினார்.

“சம்மாட்டியார் சொன்னதெண்டா நான் வாய் திறக்கேல்லை,” என்றார். “அவற்ற பேருக்குக் கீழை அ வந்தா என்ன, க வந்தா என்ன.”

கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கிறகோரிக்குப் பக்கத்தில் போட்டார். கிறகோரி கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். வள்ள ஓட்டத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். றொமேஸ் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். சுவிஸிலிருந்து உடனே ஒரு பெருவிரல் வந்தது.

சஜீவன் ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே வெட்டினான். ‘சூசைமுத்து’ என்று எழுதினான். எழுத்து வழமையை விடப் பெரிதாக விழுந்தது. சந்தோசத்தில்தான்.

மிஸ் பேனையின் மூடியைத் திறந்தார். தாளின் மேல் வைத்தார். பிறகு எடுத்தார்.

“ஐயா, உங்களுக்கு அவர் நேரிலை சொன்னவரோ?”

“அவர் மருமகனோடை வாய் குடுத்துக் கதைக்கிற மனிசன் இல்லை, மிஸ். என்ர மனிசியிட்டைச் சொல்லி விட்டவர். கலியாணம் கட்டின புதுசு. பறுவத்துக்கு அடுத்த நாள் போகவேண்டாம், இறால் படாது எண்டு.”

“நீங்கள் ஒருக்காவது அந்த நாளிலை போய்ப் பாத்தனீங்களோ?”

“படாத நாளிலை ஏன் மிஸ் போறது?”

“வேற ஆரும் போனதோ?”

மிஸ் எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள். போனவர் ஒருவரும் இல்லை.

சஜீவன் குனிந்து அட்டவணை ஆறைப் பார்த்தான். பூச்சியங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. அவை அவனுக்கு மிகவும் பழக்கமானவை. இன்றைக்கு ஏதோ மாதிரித் தெரிந்தன. நிமிர்ந்தபோது மிஸ்ஸும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இடையிலை இருக்கிற ஆளையும் கேட்டிடுவம்,” என்றார் மிஸ். “றோஸ்மேரி அக்காவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ.”

றோஸ்மேரி தட்டத்தோடு வந்தா. வடையும் தேத்தண்ணீரும். முகத்தில் அடுப்புச் சூடு. அவவுக்குப் பின்னால் அயல் பெண்கள் குசினி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் அருளப்புவின் மனைவியும் இருந்தா. றொமேஸின் தாயும் இருந்தா. ஏனோ எல்லோரும் கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

“அக்கா, பறுவத்துக்கு அடுத்த நாள் இறால் படாது எண்டு உங்கட அப்பா உங்களிட்டை என்னெண்டு சொன்னவர்? அப்பிடியே சொல்லுங்கோ. அப்பிடியே எழுதோணும்.”

“சொல்லு, றோஸ்மேரி,” என்றார் கிறகோரி பெருமையாக. “வெக்கப்படாமல் சொல்லு. பல்கலைக்கழகம் கேக்குது.”

றோஸ்மேரி தட்டத்தைக் கதிரையில் வைத்தா. கையைத் துடைத்தா. புருசனை ஒருதரம் பார்த்தா. பிறகு அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்பா ஒண்டும் சொல்லேல்லை, மிஸ். கலியாணம் கட்டின புதுசிலை இந்த மனிசன் ஞாயிறு காலமை கோயிலுக்கு, மற்ற நேரமெல்லாம் களப்புக்கு. மாதத்திலை ஒருநாள் எனக்கெண்டு வீட்டை நிக்கட்டும் எண்டு நான்தான் அப்பாவின்ர பேரைப் போட்டுச் சொன்னனான்.”